பத்து மணிக்குப் பிறகு: வடசென்னையின் இரவு இசை

"ரேவ் பார்ட்டி" என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பாலும் குற்றச் செய்திப் பக்கத்தில்தான் வரும். 2019 மே மாதம் மாமல்லபுரம் அருகே நடந்த ஓர் இரவு விருந்துக்குள் போலீசார் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்தபோது அது தலைப்புச் செய்தியே ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலை, பண்ணை வீடு, நுழைவுக் கட்டணம், காதைப் பிளக்கும் மின்னணு இசை... சென்னையில் விடிய விடிய ஆட்டம் என்றாலே நகரத்தின் தென்கோடியில் காசு உள்ளவர்கள் நடத்துவது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு.

ஆனால் நகரத்தின் வடகோடியில், ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில், விடியும் வரை ஓயாத இசை பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. அதற்கு டிக்கெட் கிடையாது. அதன் பெயர் கானா. ரேவ் இசைக்கும் கானாவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே மாதிரியான ஊர்களில் பிறந்தன, ஒரே மாதிரியான சட்டத்தின் முன் வந்து நின்றன. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ஆலை நகரங்களில் பிறந்த இசை

முதலில் ரேவ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு பெரிய கட்டிடம், அதற்குள் பல அறைகள். ஓர் அறையில் வேகமான டெக்னோ, இன்னொன்றில் ஹவுஸ், வேறொன்றில் ஆடிக் களைத்தவர்கள் உட்கார்ந்து ஆற அமரக் கேட்கும் மெல்லிய இசை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு டீஜே. வந்தவர்கள் இரவு முழுக்க அறை மாறி அறை போய்க்கொண்டே இருப்பார்கள். பாட்டு முடிந்து இடைவெளி விழுவது என்ற பேச்சே இல்லை. ஒரு தாளம் அடுத்த தாளத்தோடு கலந்துவிடும்.

இதன் ஊற்றுக்கண் அமெரிக்காவின் சிகாகோ நகரம். அங்கே 1977-ல் 'தி வேர்ஹவுஸ்' என்ற இடத்தில் பிராங்கி நக்கிள்ஸ் என்ற டீஜே இசைத்தட்டுகளை இசைக்கத் தொடங்கினார். வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. அங்கு ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள், அதிலும் ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள். மற்ற கேளிக்கை விடுதிகளில் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. 'ஹவுஸ்' என்ற இசைவகைக்கு அந்தக் கிடங்கின் பெயரில் இருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். 1980-களில் கார் ஆலைகளின் நகரமான டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் டெக்னோவுக்கு உருக்கொடுத்தார்கள். ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அவர்கள் கையில் விலை உயர்ந்த கருவிகள் இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறிய இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. கிதார் வாசிப்பவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கத்தான் அதைச் செய்தார்கள். யாரும் வாங்கவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றுபோனது. பழைய சாமான் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த அந்த இயந்திரத்தை வாங்கித் திருகிப் பார்த்த சிகாகோ இளைஞர்கள், யாரும் எதிர்பாராத ஒரு சத்தத்தை அதில் இருந்து எடுத்தார்கள். 'ஃபியூச்சர்' குழு 1987-ல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' அப்படி வந்ததுதான்.

அந்த அலை கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தபோது அதைப் பிடித்துக்கொண்ட முக்கியமான ஊர் மான்செஸ்டர். அங்கே 1982-ல் திறந்த ஹசியெண்டா விடுதி 1997 வரை இயங்கியது. மான்செஸ்டர் பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். அந்த ஆலைகள் மூடப்பட்டதும் காலியாகக் கிடந்த கட்டிடங்களில்தான் வடக்கு இங்கிலாந்தின் இரவு ஆட்டங்கள் பல நடந்தன.

சிகாகோ, டெட்ராய்ட், மான்செஸ்டர் மூன்றும் உழைக்கிறவர்களின் ஊர்கள். மூன்றிலும் இரவு என்பது எல்லோரும் தூங்கும் நேரம் அல்ல.

வடசென்னைக்கு ஷிப்ட் வந்த கதை

மான்செஸ்டரை வளர்த்த அதே பருத்தித் தொழில்தான் 1870-களில் சென்னையின் பெரம்பூருக்கும் வந்தது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் சேர்ந்து 'பி அண்ட் சி மில்' என்று மக்கள் வாயில் நிலைத்தன. அதற்கு முன்பே, 1856-ல், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-ல் அடித்த புயலில் கட்டிய பகுதி சேதமாகி, திரும்பக் கட்ட வேண்டி வந்தது.

மூட்டை தூக்கவும் தறி ஓட்டவும் ஆட்கள் வேண்டும். செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கத்துக் கிராமங்களில் இருந்து நிலமில்லாத மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினார்கள். அவர்களில் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஏராளம். ஊரில் இருந்து அவர்கள் கொண்டுவந்த சொத்துகளில் பறை ஒன்று, கூத்து ஒன்று.

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் இன்னும் வடக்கே நகர்ந்தன. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வளர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. 1960-களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம், 1984-ல் காசிமேடு மீன்பிடித் துறைமுகம்.

இந்த ஆலைகள் மக்களின் நேரத்தை மாற்றி அமைத்தன. 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அந்தச் சங்கத்திடம் பி அண்ட் சி தொழிலாளர்கள் வைத்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் போதிய நேரம் தருவதில்லை என்பது. கூலியைப் போலவே நேரமும் அன்றைக்கே போராட்டப் பொருள்தான். பிற்காலத்தில் பல ஆலைகளில் நாள் மூன்று ஷிப்டாகப் பிரிந்தது: காலை 6 முதல் 2, பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. மீனவர்களுக்கோ கடலுக்குப் போகும் நேரமே நள்ளிரவு தாண்டித்தான். இரவு 11 மணிக்கு ஒரு தெருவில் பாதிப் பேர் விழித்திருப்பது வடசென்னையில் அதிசயமே இல்லை.

ஒரே இரவில் பல அறைகள்

இப்படி விழித்திருந்த தெருக்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தம் கேட்டது. ரேவ் பார்ட்டியின் பல அறைகளை இங்கே பல தெருக்களாக எண்ணிப் பார்க்கலாம். ஒரு தெருவில் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு. இன்னொரு தெருவில் விடியும் வரை கூத்து. சர்ச்சில் முழு இரவு ஜெபம். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் பக்கம் போனால் ஆங்கிலோ இந்தியர்களின் கிறிஸ்துமஸ் கால நடனம். எந்த வாசலில் வேண்டுமானாலும் நின்று கேட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்துவிடலாம்.

இந்த எல்லா அறைகளுக்கும் நடுக்கூடம் போல இருந்தது கானா. இந்தியில் பாட்டு என்று பொருள்படும் சொல்லில் இருந்து அந்தப் பெயர் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் வேர்களைத் தேடிப் போனால் இந்தப் பகுதியிலேயே இரண்டு சமாதிகள் எதிர்ப்படும். ஒன்று திருவொற்றியூர்க் கடற்கரையில் உள்ள பட்டினத்தார் சமாதி. மற்றொன்று ராயபுரம் பகுதியில் உள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா. இராமநாதபுரம் பக்கத்தில் பிறந்த இந்த சூபி ஞானி வடசென்னைக்கு வந்து தங்கி, 1838-ல் மறைந்தார். தொண்டிப் பக்கத்தில் இருந்து வந்த இந்தத் 'தொண்டியார்' பெயரால்தான் தண்டையார்பேட்டை வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. உடம்பு நிலையில்லாதது, காசு கூட வராது என்று பாடிய இந்த இருவரையும் கானா பாடகர்கள் தங்கள் முன்னோர்களாகச் சொல்லிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. கானாவும் அதிகம் பாடப்பட்டது சாவு வீட்டில்தானே.

சாவு வீட்டில் விடியும் வரை

சாவு வீட்டில் கச்சேரியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. மாலையில் ஒருவர் இறந்தால் வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை உடலைத் தனியாக விடக்கூடாது, யாராவது விழித்திருக்க வேண்டும். ஒரு அறை வீட்டில் அத்தனை பேரும் எங்கே உட்காருவது? தெருவில் பந்தல் போட்டு, விளக்குக் கட்டி, நாற்காலி போடுவார்கள். தெருவே கூடம் ஆகிவிடும். அங்கே கானா பாடகர் வந்து உட்காருவார்.

முதலில் சாமி பாட்டு, குரு வணக்கம். பிறகு இறந்தவரைப் பற்றிய பாட்டு. அவர் பெயர், பார்த்த வேலை, பெற்ற பிள்ளைகள், தெருவுக்குச் செய்த நல்லது எல்லாம் அதில் வரும். பக்கத்தில் இருப்பவர்களிடம் விவரம் கேட்டு அந்த இடத்திலேயே கட்டுகிற வரிகள் அவை. பத்திரிகையில் இரங்கல் செய்தி வர வாய்ப்பில்லாத ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு, அவர் வாழ்க்கையை ஊர் கூடிக் கேட்கும் ஒரே தருணம் அதுதான். நள்ளிரவு தாண்டியதும் தூக்கம் தள்ளும். அப்போது பாட்டு திசை மாறும். காதல், கேலி, ஜெயில் அனுபவம், அரசியல் நையாண்டி என்று அழுதவர்களையே சிரிக்க வைக்கும். விடியும் நேரத்தில் திரும்பவும் சாவுக்கே வந்து சேரும்.

இசைக்கருவிகள்? டோலக், தபேலா, சட்டி, கட்ட மோளம் என்று கிடைப்பதெல்லாம். எதுவும் இல்லை என்றால் மேசை, தகர டப்பா, தீப்பெட்டி. யாரும் வாங்காத இயந்திரத்தில் சிகாகோ இளைஞர்கள் இசை எடுத்த கதையும் இதுவும் ஒன்றுதான். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. டீஜே அடுத்தவர் இசைத்தட்டில் இருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் தாளத்தில் சேர்ப்பார். கானா பாடகர் சினிமா மெட்டை எடுத்துத் தன் வரிகளை ஏற்றுவார்.

பெரிய வேறுபாடும் உண்டு. ரேவுக்குப் போகிறவர் முன்பின் தெரியாத கூட்டத்தில் தன்னை மறக்கப் போகிறார். சாவு வீட்டுக் கானாவில் கூடுகிறவர்கள் தெரிந்த ஒருவரை நினைக்கக் கூடுகிறார்கள். ஆட்டம் என்னவோ இரண்டிலும் விடியும் வரைதான்.

இரவு யாருக்குச் சொந்தம்?

1992 மே மாதம் இங்கிலாந்தின் காசில்மார்ட்டன் பொதுவெளியில் பல நாட்கள் தொடர்ந்து நடந்த ரேவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள் என்று கணக்கிடப்பட்டது. அதன் எதிரொலியாக 1994-ல் ஒரு குற்றவியல் சட்டம் வந்தது. திறந்த வெளியில் இரவில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி, அக்கம்பக்கத்தாருக்குக் கடும் தொல்லை தரும் அளவில் இசைத்தால் போலீசார் கலைக்கலாம் என்று அன்று அது சொன்னது. எது இசை என்று விளக்கும் இடத்தில், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளமும் அதில் அடங்கும் என்று எழுதி வைத்தார்கள். ஒரு தாள வகையையே சட்டம் சுட்டிக்காட்டியது உலகமெங்கும் பேசப்பட்டது.

இந்தியாவில் 2000-ல் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தலும் கட்டுப்படுத்தலும்) விதிகள் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கோவாவின் கடற்கரை ஆட்டங்களுக்கும் ராயபுரத்துச் சாவு வீட்டுக்கும் ஒரே விதி. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

அந்த வழக்கின் பின்னணியைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போனது என்ற செய்திதான் மனுதாரரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நோயாளிகள், கைக்குழந்தைகள், மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளைகள் வடசென்னையிலும் இருக்கிறார்கள். காலை 6 மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவருக்குத் தூக்கம் வேண்டும். சத்தத்துக்கு ஒரு வரம்பு தேவை என்பதில் சந்தேகமே இல்லை.

கேள்வி அந்த வரம்பு யார் மேல் எப்படி விழுகிறது என்பதில்தான். அதே விதிகளின் அட்டவணையைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். குடியிருப்புப் பகுதியில் இரவு நேர வரம்பு 45 டெசிபல். தொழிற்சாலைப் பகுதியில் 70 டெசிபல். டெசிபல் கணக்கில் 25 என்ற வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஒலியின் ஆற்றலாகப் பார்த்தால் அது 300 மடங்குக்கும் மேல். அடையாறிலோ அண்ணா நகரிலோ இருப்பவருக்கு இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு ஊர்களைப் பற்றியவை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண். இரவு முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போகும் சாலையின் ஓரத்தில் ஒரு டோலக் ஓய வேண்டும்.

இன்னொன்று. விதி சொல்லும் இரவு, 10 முதல் 6 வரை. ஆலைகளின் மூன்றாவது ஷிப்டும் அதேதான். உழைப்பதற்குத் திறந்திருக்கும் அதே எட்டு மணி நேரம், பாடுவதற்கு மூடியிருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. திருவிழாக் காலங்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு அனுமதி தரலாம். சாவு தேதி குறித்துக்கொண்டு, மனுப் போட்டுவிட்டு வருவதில்லை. மூடிய அரங்கத்துக்குள், சத்தம் வெளியே போகாமல் நடத்துவதற்கும் விலக்கு உண்டு. பல அறைகள் கொண்ட விடுதியில் ஆடுகிறவர்களுக்கு அது பொருந்தும். தெருவையே அறையாக வைத்திருப்பவர்களுக்கு மூடுவதற்குக் கதவு ஏது? 2010-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளும் அந்தத் தடைக்குள் வந்தன. எழுத்தின்படி பார்த்தால் மைக் இல்லாத டோலக்கும் குற்றம்தான். தீப்பெட்டி இசைக்கருவியா என்பதை மட்டும் விதி சொல்லவில்லை!

பாட்டு மேடை ஏறியது, இரவு?

இத்தனைக்கும் நடுவில் கானா பாட்டு வளர்ந்துகொண்டேதான் இருந்தது. 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதைச் சினிமாவின் நடுவீட்டுக்குக் கொண்டுவந்தார். 1996-ல் வந்த 'காதல் கோட்டை' ஓர் உதாரணம். 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் திரையிலேயே தோன்றிப் பாடினார். 2012-ல் பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' கானா பாலாவை வீடுதோறும் அறிமுகம் செய்தது. சினிமா மெட்டைக் கடன் வாங்கிய கலையிடம் சினிமாவே வந்து கடன் வாங்கிய விசித்திரம் இது.

அடுத்த திருப்பம் 2018 ஜனவரி 6. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அன்று சென்னையில் முதல்முறையாக மேடை ஏறியது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். சட்டியும் கட்ட மோளமும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரோடு சரிசமமாக நின்றன. சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட கருவிகள், அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோரை ஆட வைத்தன. சாதியை எதிர்க்கும் வரிகளை வெளிப்படையாகவே பாடினார்கள். 19 பேர் கொண்ட அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி. ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் பாடிய அவரை, 2020-ல் பிபிசி தன் '100 பெண்கள்' பட்டியலில் சேர்த்தது.

ஆக, பாட்டுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. பாட்டு பிறந்த சூழல் வேகமாக மாறிவருகிறது. பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. என்ஃபீல்ட் நிறுவனம் 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை கண்டது. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் நிறுத்தப்பட்டது. குடிசைகளை அகற்றும்போது நகரத்தின் மறுகோடியில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்கள் அனுப்பப்பட்டார்கள். அங்கே அடுக்குமாடி இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டு ஊர் கூட உட்காரும் தெரு, முன்பு போல் இல்லை.

மான்செஸ்டரின் ஹசியெண்டா இருந்த இடத்தில் பின்னாளில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஆனாலும் அந்த விடுதியின் பெயரைத்தான் அந்தக் கட்டிடத்துக்கு வைத்தார்கள். அந்த ஊர் தன் இரவு இசையை வரலாறு என்று ஒப்புக்கொண்டதற்கு அது ஓர் அடையாளம். வடசென்னையில் விடிய விடியப் பாடியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடையாது. யாரோ ஒருவருக்காக ஓர் இரவில் கட்டிய பாட்டு விடிந்ததும் காற்றோடு போனது. அதைக் கேட்டவர்கள் இன்னும் தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, பத்து மணிக்குப் பிறகும் கூட.